கிருஷ்ணகிரியில் ஸ்டீரியோவுக்கு வயர் வாங்கப் போனேன்

கிருஷ்ணகிரியில் வீட்டு ஸ்டீரியோவுக்கு நல்ல வயர் வேண்டுமென்றால் ஹோம் தியேட்டர் ஷோரூமுக்குப் போகாதீர்கள், மைக் செட் கடைக்குப் போங்கள். இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றிய ஒரே சேதி இதுதான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற நாமெல்லாம் அப்பா அம்மா வீட்டில் எதையாவது சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர், வைஃபை என்று ஆளுக்கு ஒன்று மாட்டும். எனக்கு இம்முறை மாட்டியது அப்பாவின் ஸ்டீரியோ.

தொண்ணூறுகளில் பெங்களூரில் வாங்கிய ஆம்ப்ளிஃபையர், ஒரு டேப் டெக், எட்டு ஓம் மின்தடையுள்ள மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது ஆம்ப்ளிஃபையர் ஷோகேஸுக்குள் போய்விட்டது, ஸ்பீக்கர்கள் எதிர்ச்சுவருக்கு. கதவையும் ஜன்னலையும் சுற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து மீட்டர் வயர் வேண்டும். பழைய வயரில் கண்ணாடி பிவிசிக்குள் தாமிரம் பச்சை பூத்துக் கிடந்தது. டேப் டெக்கை ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கும் ஆர்சிஏ கார்டை ஆட்டினால்தான் இடது பக்கம் பாடும். டிவி சத்தமும் இதிலேயே வர வேண்டும் என்பது அம்மாவின் கோரிக்கை.

முதலில் போனது ஊருக்குள் இருக்கும் ஒரு ஷோரூம். ஏசி, சோஃபா, குடிக்க ஜூஸ், உபசாரத்தில் குறையில்லை. ஸ்பீக்கர் வயருக்கும் ஒரு ஜோடி ஆர்சிஏவுக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்தை ஒட்டி ஒரு விலை சொன்னார்கள். கேட்டால் “ஆக்சிஜன் இல்லாத காப்பர் சார்” என்கிறார் அந்தப் பையன். அப்படி ஒரு தாமிரம் உண்டு, பொய்யில்லை. ஆனால் சாதாரண எலக்ட்ரிக்கல் தாமிரத்துக்கும் அதற்கும் மின்தடையில் உள்ள வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். பத்து மீட்டர் வயரை ஒரு சாண் குறைத்து வெட்டினாலே அந்த லாபம் கைக்கு வந்துவிடும். அதைவிட எனக்கு உறுத்தியது, எத்தனை மீட்டர் ஓட வேண்டும், ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று கடைசிவரை அவர் கேட்கவே இல்லை. இந்த இரண்டையும் கேட்காமல் ஸ்பீக்கர் வயர் விற்கிறவர் விலைச்சீட்டை மட்டும்தான் விற்கிறார்.

மச்சான் அதற்குள் ஆன்லைனில் ஒரு கட்டு வரவழைத்துவிட்டார். “16 கேஜ், தூய காப்பர்” என்று அட்டையில் அச்சடித்திருந்தது. கையில் எடுத்ததுமே எடை குறைவாகப் பட்டது. ஒரு இழையைக் கத்தி முனையால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குத் தாமிர முலாம். லைட்டரில் காட்டினால் தாமிர இழை சிவந்து நிற்கும், இது உருகிச் சுருண்டு விழுந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: வெள்ளீயம் பூசிய நல்ல தாமிர வயரும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும். சுரண்டினால் உள்ளே செம்பு தெரியும், அதை ஒதுக்க வேண்டியதில்லை. அலுமினியக் கலப்பு வயரால் பாட்டு நின்றுவிடாது. அதே தடிமனுக்கு மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அத்தோடு திருகாணியில் இறுக்கும் இடத்தில் இழைகள் சீக்கிரம் நசுங்கி ஒடியும். தாமிரம் என்று சொல்லி விற்றதுதான் எரிச்சல். திருப்பி அனுப்பினோம், பணம் வந்தது, அந்த மட்டில் சரி.

கம்பியின் தடிமனைக் குறிக்கும் இந்தக் கேஜ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் போடுவது அமெரிக்கக் கேஜ், நம் ஊர்ப் பழைய கடைகளில் சொல்வது பிரிட்டிஷ் கேஜ். அமெரிக்கக் கணக்கில் 16 என்றால் 1.3 சதுர மில்லிமீட்டர், பிரிட்டிஷ் கணக்கில் அதே 16 என்றால் 2 சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எண் ஒன்று, கம்பி வேறு. அதனால் கேஜை விட்டுவிட்டு எத்தனை ஸ்கொயர், அதாவது எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று மட்டும் கேளுங்கள்.

மைக் செட் கடை பழையபேட்டைப் பக்கம். வாசலில் குழாய் ஸ்பீக்கர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன, உள்ளே சீரியல் லைட் மூட்டைகள், சுவரோரம் பழைய அகுஜா ஆம்ப்ளிஃபையர்கள். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கையில் சால்டரிங் அயர்னோடு என்னிடம் தமிழிலும், வாசலில் நின்ற ஆளிடம் தெலுங்கிலும், போனில் கன்னடத்திலும் பேசிக்கொண்டிருந்தார். நான் போனது ஆனி மாதம், கையில் வேலை குறைவு. ஆடி பிறந்துவிட்டால் மாரியம்மன் பண்டிகைகள் தொடங்கிவிடும், அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தன மீட்டர் ஓடுது தம்பி?” இரண்டாவது, “நாலு ஓமா, எட்டு ஓமா?” எனக்கு அங்கேயே பாதி நிம்மதி.

திருவிழாவில் தெரு நெடுக மெல்லிய வயரில்தானே குழாய் கட்டுகிறீர்கள், வீட்டுக்கு மட்டும் ஏன் தடிமன் வேண்டும் என்று கேட்டேன். “அது நூறு வோல்ட் லைனுங்க. இது நேரடி ஓம்” என்றார். அவர் ஒரு வரியில் முடித்ததைக் கொஞ்சம் விரித்தால் இப்படி வரும். மைக் செட் ஆம்ப்ளிஃபையர் ஒலி மின்சாரத்தை 100 வோல்ட் அளவுக்கு ஏற்றி அனுப்பும், ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்ளும். 40 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் வயரில் ஓடுவது 0.4 ஆம்பியர்தான். அதே 40 வாட்டை எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியாக அனுப்பினால் 2.2 ஆம்பியருக்கு மேல் ஓடும். வயரில் வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே வயரில் முப்பது மடங்கு அதிகமாக வீணாகும். வீட்டு ஸ்டீரியோவுக்குத் தடிமன் கேட்பதற்குக் காரணம் இவ்வளவுதான், வேறு மாயம் ஒன்றுமில்லை.

கணக்கும் எளிது. வயரின் மொத்தத் தடை ஸ்பீக்கர் ஓமில் நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. எட்டு ஓமுக்கு 0.4 ஓம். பத்து மீட்டர் தூரமென்றால் போக வர இருபது மீட்டர் தாமிரம். எலக்ட்ரிக்கல் கடைகளில் 14/76 என்று கிடைக்கும் வயரில், அதாவது 0.0076 அங்குலக் கம்பி பதினான்கு முறுக்கியதில், இருபது மீட்டருக்கு 0.8 ஓமுக்கு மேல் வரும். தேறாது. 40/76 என்றால் 0.3 ஓம், தாராளம். ஒன்றரை ஸ்கொயர் போட்டால் கால் ஓமை ஒட்டி நிற்கும். நாலு ஓம் ஸ்பீக்கராக இருந்தால் இரண்டரை ஸ்கொயர் போக வேண்டும். அதற்கு மேல் தடிமன் கூட்டிக் காசு செலவழிப்பதில் காதுக்கு ஒன்றும் கிடைக்காது. வயர் மெலிந்தால் சத்தம் குறைவது மட்டுமில்லை. ஸ்பீக்கரின் ஓம் ஒவ்வொரு சுருதிக்கும் மாறுகிற ஒன்று, அதனால் வயரின் தடை ஏற ஏற பாட்டின் நிறமே லேசாக மாறும்.

ஸ்பீக்கர் வயரை அவர் கடையில் வாங்க விடவில்லை. “என்கிட்ட இருக்கறது பண்டிக வயரு, நீங்க எலக்ட்ரிக்கல் கடையில ஐஎஸ்ஐ போட்ட டூ கோர் வாங்கிடுங்க” என்று அனுப்பிவிட்டார். தன் கடைச் சரக்கை வேண்டாம் என்று சொல்லும் ஆளை நம்பலாம். பிவிசி உறையிட்ட மின்கம்பிகளுக்கான ஐஎஸ் 694 தரம் அச்சிட்ட ஒன்றரை ஸ்கொயர் இரண்டு கோர் (ஒரே உறைக்குள் இரண்டு கம்பி) வளையும் வயர், ஃபினோலெக்ஸ், பாலிகேப் போன்ற பெயர்களில் ரவுண்டானாவைச் சுற்றியுள்ள கடைகளிலேயே கிடைக்கிறது. மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், நான் வாங்கியபோது மீட்டருக்கு ஐம்பது அறுபது ரூபாய். அட்டையில் பாடகர் படம் இல்லை என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் கிடையாது.

ஆர்சிஏ கார்டு வேறு சங்கதி. அங்கே ஓடும் சிக்னல் சின்னது, டேப் டெக்கிலிருந்து வருவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. தடிமன் முக்கியமில்லை, வெளி இரைச்சலைத் தடுக்கக் கம்பியைச் சுற்றியிருக்கும் ஷீல்டு முக்கியம். மொபைல் கடைகளில் தொங்கும் ரெடிமேட் கார்டை வெட்டிப் பார்த்தால், ஷீல்டு என்ற பெயரில் நாலைந்து இழைகள் ஒரு பக்கமாகக் கிடக்கும். பக்கத்தில் இன்வெர்ட்டர் இருந்தால் அது ஆம்ப்ளிஃபையருக்குள் வந்து ரீங்காரம் இடும். மைக் செட்காரர் எடுத்தது மைக்குக்குப் போடும் டூ கோர் ஷீல்டு வயர். பின்னல் நெருக்கமாக இருந்தது. ஒரு கோர் சிக்னலுக்கு, இன்னொன்று திரும்பி வருவதற்கு, ஷீல்டை டேப் டெக் பக்கத்தில் மட்டும் பற்றவைத்தார். ஷோகேஸுக்குள் தேவையான நீளத்தை நான் அளந்து போயிருந்தேன், அந்த அளவுக்கே வெட்டினார். பின்னுக்கு இரும்புக் கூடுள்ளது, வயரைக் கவ்விப் பிடிக்க உள்ளே காது வைத்தது. தங்க முலாம் போட்டதும் வைத்திருந்தார். முலாம் களிம்பு ஏறாமல் காக்கும், சத்தத்தில் ஒன்றும் கூட்டாது என்று அவரே சொல்லிவிட்டு, விலை வித்தியாசம் இருபது ரூபாய்தான் என்று அதையே போட்டார். டிவிக்கு ஒரு முனையில் ஹெட்போனில் இருப்பது போன்ற ஈபி பின், மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ. எல்லாம் சேர்த்து, கூலியோடு, ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே. நான் இருக்கும் மெல்போர்னில் ஜேகார் என்ற எலக்ட்ரானிக்ஸ் கடையில் வயரும் பின்னும் மீட்டர் கணக்கில், டஜன் கணக்கில் வாங்கலாம். ஆனால் பற்றவைப்பது நம் பாடு. இங்கே எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கார்டு கைக்கு வந்துவிடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். “அரை மணி நேரம்” என்றால் சாயங்காலம். பில் கேட்டால் சிரிப்பார். வெளிநாட்டு போன் எண்ணோடு யுபிஐ வைத்துக்கொள்ள 2023-லிருந்தே வழி இருக்கிறது, ஆஸ்திரேலிய எண்ணும் அதில் உண்டு. என் வங்கியில்தான் அது வேலை செய்யவில்லை. ரொக்கம் கொண்டுபோவது உத்தமம்.

வயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் சுறுசுறுப்பானவர், கை சுத்தம். ஆனால் சுவருக்குள் ஓடும் மெயின் லைன் பைப்பிலேயே ஸ்பீக்கர் வயரையும் விட்டு இழுத்துவிடலாம் என்றார். இதற்கு மட்டும் யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். எங்கேயாவது உறை தேய்ந்தால் 230 வோல்ட் ஸ்பீக்கர் முனைக்கு வந்து நிற்கும். அப்படி ஆகாவிட்டாலும் ஐம்பது ஹெர்ட்ஸ் முனகல் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. தனியாக கேசிங் அடித்து, மெயின் லைனுக்கு ஒரு அடி தள்ளி ஓட்டச் சொன்னேன். முகம் சுளித்தார், செய்து கொடுத்தார். அதில் ஒரு நன்மை, நாளைக்கு மாற்ற வேண்டுமென்றால் மூடியைக் கழற்றினால் போதும்.

கடைசியில் இணைக்கும்போது சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், மத்தளத்தின் அடிநாதம் காணாமல் போகும். அப்பாவின் பெட்டிகளில் நிறம் அழிந்துபோயிருந்தது. மைக் செட்காரர் சொல்லிக் கொடுத்தபடி ஒரு பென்சில் செல்லை வயர் முனைகளில் கணநேரம் தொட்டுப் பார்த்தேன். கூம்பு முன்னால் வந்தால், செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்பி ரோட்டுக்குப் போனால் எல்லாம் மலிவு என்று ஊரில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். தொண்ணூறு கிலோமீட்டர், ஓசூர் நெரிசலைத் தாண்டி. நாலு பின்னுக்காகப் போவது வீண். ஆம்ப்ளிஃபையருக்கு ஐசி, பழைய ஸ்விட்ச் என்று தேட வேண்டியிருந்தால் போகலாம்.

எல்லாம் மாட்டியபின் டேப் டெக் சுத்தமாகப் பாடியது. டிவியைச் சேர்த்ததும் மட்டும் ஒரு முனகல். வயரைக் குறை சொல்வதற்கு முன், தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பார்த்தேன், முனகல் நின்றது. கேபிள்காரர் லைனில் ஒரு எர்த், நம் வீட்டில் ஒரு எர்த், இரண்டுக்கும் நடுவே மின்னோட்டம் சுற்றுகிறது. எவ்வளவு விலை கொடுத்து ஆர்சிஏ வாங்கினாலும் இது போகாது. டிவியின் பின்னால் ஆப்டிக்கல் அவுட் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதில் செருகும், 1983-ல் தோஷிபா கொண்டுவந்த பிளாஸ்டிக் இழையில் போவது வெளிச்சம் மட்டும்தான், எர்த்துக்கு அதில் வழியில்லை. வெளிச்சத்தை மறுபடி ஆர்சிஏவாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கி நடுவில் போட்டதும் வீடு அமைதியானது. ஈபி பின் கார்டு இப்போது அப்பாவின் போனுக்கு உதவுகிறது. டேப் டெக்கின் ரப்பர் பெல்ட் மட்டும் பாக்கி. அதற்கு மைக் செட்காரர் ஆடி முடிந்து வரச் சொல்லியிருக்கிறார், அப்பா போவார்.