காரைக்குடி ஸ்கேன் சென்டரில் பனிக்குட நீர்ப் பரிசோதனை: ஊசிக்கு முந்தைய ஒரு மணி நேரம்

கருவைச் சுற்றியுள்ள பனிக்குட நீரைத் தாயின் வயிற்றில் ஊசி செலுத்தி எடுத்து, கருவுக்குக் குரோமோசோம் குறைபாடு உண்டா என்று பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. ஊசி உள்ளே இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். சென்டர் எப்படிப்பட்டது என்பது அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

இங்கே முதல் மதிப்பெண் சம்மதப் படிவத்துக்கு. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படியான ‘ஜி’ படிவம் தமிழிலேயே இருக்கிறது. நர்ஸ் வரி வரியாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறார், நகலும் தருகிறார்கள். மாமியார், அப்பத்தா என யார் கூட வந்தாலும் கர்ப்பிணியைத் தனியே உட்காரவைத்து, கருச்சிதைவு அபாயம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதையும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதையும் விளக்குகிறார்கள். சட்டம் கேட்பது அவருடைய சம்மதத்தைத்தான், கணவருடையதை அல்ல.

ரத்த வகையை வாய்வார்த்தையாக ஏற்பதில்லை, ரிப்போர்ட் கேட்கிறார்கள். நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் தாயின் உடலில் உருவாகாமல் தடுக்கும் 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அது ஃபிரிட்ஜில் இருப்பதை உறுதிசெய்த பிறகே நாள் குறிக்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், ஹெப்பாரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குறை, அப்பாயின்ட்மென்ட் சீட்டில். எல்லா ஸ்கேனுக்கும் ஒரே சீட்டு, ‘வெறும் வயிறு’ என்று அச்சிட்டிருக்கிறது. இதற்குப் பட்டினி தேவையே இல்லை. தேவகோட்டையிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறி வருபவருக்கு ஊசியைப் பார்த்ததும் தலைசுற்றும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு வாருங்கள். மல்லாந்து படுக்கும்போது மயக்கம் வராதிருக்க வலது இடுப்புக்கடியில் சிறு தலையணை வைக்கிறார்கள். பலர் மறக்கும் நல்ல பழக்கம் இது.

எடுப்பது 15 முதல் 20 மில்லி. முதல் ஒன்றிரண்டு மில்லியில் தாயின் செல்கள் கலந்திருக்கலாம் என்பதால் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். குழாயில் பெயரைக் கர்ப்பிணியின் கண்ணெதிரே எழுதுகிறார்கள். செல்கள் உயிரோடு லேப் சேர வேண்டும், குளிரில் உறைந்தால் வளராது. ஞாயிற்றுக்கிழமை வழியில் தேங்கிவிடக் கூடாது என்பதால் சனிக்கிழமை இந்தப் பரிசோதனை கிடையாது. வசதிக்குறைவுதான், ஆனால் சரியான முடிவு.

15 வாரம் முடிந்ததும் நாள் வாங்கிவிடுங்கள். விரைவுச் சோதனை முடிவு இரண்டு மூன்று நாளில் வரும்; செல் வளர்த்துப் பார்க்கும் முழு முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இரவில் சென்டர் போனை யாரும் எடுப்பதில்லை. வீடு திரும்பியபின் நீர்க்கசிவு, ரத்தம், காய்ச்சல், விடாத வயிற்றுவலி இருந்தால் போனுக்குக் காத்திருக்காமல் நேரே பிரசவ வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரிப்போர்ட் ஃபைலும் கையில் இருக்கட்டும்.