டெக்சஸில் ஸ்பீடிங் டிக்கெட்: கட்டுவதா, கிளாஸ் எடுப்பதா, வாதாடுவதா?

45 மைல் ரோட்டில் 58-இல் போய் மாட்டிக்கொண்டேன். போலீஸ்காரர் கையெழுத்துக் கேட்டதும், போச்சு, தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமோ என்று பதறினேன். அப்படி இல்லை, குறித்த தேதிக்குள் முனிசிபல் கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன் என்ற வாக்குத்தான் அது. ஸ்பீடிங் என்பது ‘கிளாஸ் சி’ என்ற மிகச் சிறிய வகைக் குற்றம். தண்டனை அபராதம் மட்டுமே, ஜெயில் இல்லை.

நம்மாட்கள் அன்று ராத்திரியே ஆன்லைனில் பணத்தைக் கட்டித் தலைமுழுகிவிடுவார்கள். இருப்பதிலேயே மட்டமான வழி இதுதான். கட்டிய கையோடு குற்றத் தீர்ப்பு ரெக்கார்டில் ஏறிவிடும், இன்சூரன்ஸ்காரர் பிரீமியத்தை ஏற்றினால் அபராதத்தைவிட அதுதான் வலிக்கும்.

என் ஓட்டு டிஃபென்சிவ் டிரைவிங் (பாதுகாப்பாக ஓட்டும்) கிளாஸுக்கு, அதை முடித்தால் வழக்கு தள்ளுபடி. டெக்சஸ் லைசன்ஸும் இன்சூரன்ஸும் இருந்து, கடந்த 12 மாதத்தில் இதே சலுகையை வாங்காமல், வேகமும் லிமிட்டைவிட 25 மைலோ அதற்கு மேலோ கூடாமல் இருந்தால், தேதிக்குள் கேட்கிறவருக்கு ஜட்ஜ் பொதுவாக மறுக்க முடியாது. (வேலை நடக்கும் ரோட்டில் ஆட்கள் இருந்தபோது மாட்டியவர்களுக்கும் கமர்ஷியல் லைசன்ஸ்காரர்களுக்கும் இது கிடையாது.) கோர்ட் செலவைக் கட்டிவிட்டு ஆறு மணி நேரப் பாடம். ஆன்லைனில் எடுத்தேன், டைமர் முடிகிறவரை ‘நெக்ஸ்ட்’ பட்டன் அசையாது, நடுவில் இரண்டு ஈடு இட்லி வெந்துவிட்டது. 90 நாளுக்குள் சர்டிஃபிகேட்டோடு, மாநிலம் சான்றளித்துத் தரும் ‘3ஏ’ டிரைவிங் ரெக்கார்டையும் கொடுக்க வேண்டும். சர்டிஃபிகேட்டை மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன், கடைசி வாரத்தில்தான் உறைத்தது.

கிளாஸ் சலுகையை ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள் ‘டிஃபர்டு’ (தீர்ப்பைத் தள்ளிவைப்பது) கேட்கலாம். 180 நாள் வரை நிபந்தனைகளோடு ஒழுங்காக ஓட்டினால் வழக்கு தள்ளுபடி. ஆனால் இது ஜட்ஜ் மனசு வைத்தால்தான், பெரும்பாலும் செலவும் கூடுதல். 25 வயதுக்குக் கீழ் என்றால் இதிலும் அந்தக் கிளாஸ் தப்பாது, அப்புறம் என்ன லாபம்?

வாதாடுவது? இத்தனூண்டு டிக்கெட்டுக்கும் ஆறு பேர் ஜூரி கேட்கலாம், நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. நிஜமாகவே ஆள் மாறியோ வண்டி மாறியோ எழுதியிருந்தால் போராடுங்கள். போலீஸ்காரர் சாட்சிக்கு வரமாட்டார் என்று நம்பி லீவு போடுவது சூதாட்டம்.

சும்மா விட்டால் மறந்துவிடுவார்கள் என்று டிக்கெட்டை டேஷ்போர்டில் போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. வாரண்ட் வரும், லைசன்ஸ் புதுப்பிக்கப் போகும் இடத்திலும் மறித்து நிற்கும்.