இனிக்கப் பேசிய மெக்கானிக்கும் நிரப்பாத கேஸும்

பழுதுபார்க்க வருகிறவர்கள் வாடிக்கையாளரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். என்னை ஏமாற்றியவர் மிக நன்றாகப் பேசினார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஃபிரிட்ஜ் குளிரவில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை பின்பக்கத்தில் 'டிக்' என்று சத்தம் வரும், சில நொடிகள் உறுமும், மறுபடி 'டிக்', பிறகு அமைதி. வந்தவரிடம் இதைத்தான் முதலில் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே, "புரிந்துவிட்டது சார், கேஸ் இறங்கிவிட்டது. நீங்கள் கவலையே படாதீர்கள்" என்றார். எங்கே கசிந்தது, எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. "சரி, பாருங்கள்" என்றேன். அந்த இரண்டு சொற்களுக்காக இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

பிறகு, "கேஸ் வாசனை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது சார், கொஞ்சம் உள்ளே போய் இருங்கள்" என்றார். என்ன அக்கறை! அரை மணி நேரத்தில் அழைத்தார், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. துண்டுச்சீட்டில் 'கேஸ், சர்வீஸ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் மறுபடி 'டிக்'. தொலைபேசியில் அழைத்தேன். அதே இனிய குரல்: "கேஸ் போட்டதால்தான் சார் உள்ளே இருந்த கோளாறு வெளியே தெரிகிறது. கம்ப்ரசர் போய்விட்டது. முன்பணம் அனுப்பினால் நாளைக்கே மாற்றிவிடலாம்."

நல்ல வேளை, அன்று வேறொருவரைக் கூப்பிட்டேன். வணக்கத்துக்குக்கூடப் பதில் சொல்லாத மனிதர். ஆனால் வந்ததும் கேட்ட கேள்வி இது: "மோட்டார் ஓடியும் குளிரவில்லையா, ஓடவே இல்லையா?" இந்த ஒரு கேள்வியில் பாதி நோய் பிடிபட்டுவிடும் என்று பிறகுதான் விளங்கியது. கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். குளிர் மட்டும் வராது. கிளம்ப முடியாமல் 'டிக்' என்று விழுந்தால் முதலில் மின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். நான் சொல்லவந்த சத்தத்திலேயே விடை இருந்திருக்கிறது.

என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கம்ப்ரசரில் செருகியிருந்த, அதைக் கிளப்பிவிடுகிற சிறிய ரிலேயைக் கழற்றி என் காதருகே குலுக்கினார். உள்ளே ஏதோ உடைந்து கலகலத்தது. கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் வைத்து மின்தடையை அளந்து, "சின்ன அளவு இரண்டையும் கூட்டுங்கள், பெரிய அளவு வருகிறதா?" என்றார். வந்தது. "மோட்டாரின் கம்பிச்சுற்று நன்றாக இருக்கிறது. இதை மாற்ற வேண்டாம்." ரிலேயை மட்டும் மாற்றினார். ஓடியது.

கேஸ் நிரப்பியதைச் சொன்னேன். டார்ச் அடித்து, கம்ப்ரசரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த, முனை நசுக்கி மூடிய குட்டைக் குழாயைக் காட்டினார். கேஸ் போட வேண்டுமென்றால் அதை வெட்டிப் பற்றவைத்திருக்க வேண்டும், அல்லது குழாயில் எங்காவது ஒரு வால்வு மாட்டியிருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. தொழிற்சாலையில் அடைத்தபடியே, பல வருடத்துத் தூசியோடு இருந்தது. எங்களுடையதில் இருப்பது ஆர்-600ஏ. தீப்பற்றும், ஆனால் சமையல் எரிவாயுவைப் போல வாசனை சேர்க்காத கேஸ். எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவர் பயந்த வாசனை எது என்று தெரியவில்லை!

அப்படியானால் அன்று எப்படி ஓடியது? சிறிது நேரம் மின்சாரத்தை நிறுத்திவைத்தால், சாகக்கிடக்கிற ரிலேகூடச் சில சமயம் ஒரு முறை பிடித்துக்கொள்ளுமாம். அரை மணி நேரம் நடந்த வேலை அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் யாராவது "கேஸ் இல்லை" என்றால், கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. எத்தனை கிராம் போட வேண்டும் என்பது ஃபிரிட்ஜில் ஒட்டியுள்ள தகட்டிலேயே இருக்கும். எடைபோட்டு நிரப்புகிறாரா என்று பாருங்கள். உள்ளே போகச் சொன்னால் போகாதீர்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், ரசீதில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. கொஞ்சம் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

முதலாமவரை மறுபடி அழைத்து, அந்தக் குழாயைப் பற்றிக் கேட்டேன். கோபமே வரவில்லை அவருக்கு. "அப்படியா சார்? நாளைக்கு நானே நேரில் வந்து பார்க்கிறேன்" என்றார். மூன்று வாரம் ஆகிறது. அழைக்கும்போதெல்லாம் அன்பாகத்தான் பேசுகிறார்.