ஏபிஎஸ் கிட்டா, ஃபோமா, பிரிண்டரா, ஃபைபரா: கவச உடை கட்ட நினைக்கும் குமரிக்காரருக்கு

டிசம்பர் பிறந்தால் எங்கள் தக்கலைப் பக்கம் மூலைக்கு மூலை குடில் எழும்பும். கிறிஸ்மஸ் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு பாட்டுக்குழு வீடு வீடாகப் போகும். நாலு வருடத்துக்கு முன் அந்தக் குழுவோடு வெள்ளைக் கவசம் போட்ட விண்வெளிப் படைவீரன் ஒருவனும் நடந்தான். அது நான்தான். சின்னப் பிள்ளைகள் தாத்தாவிடம் மிட்டாய் வாங்கிவிட்டு நேராக என்னிடம் வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஆண்டுக்கு நாலைந்து பேராவது கேட்கிறார்கள்: "அண்ணே, எனக்கும் ஒண்ணு வேணும். எதுல செய்ய?"

நாலு வழி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிட், ஃபோம் ஷீட்டில் நாமே வெட்டி ஒட்டுவது, முப்பரிமாண பிரிண்டர், அப்புறம் நம்ம கடற்கரையில் வள்ளம் செய்கிற ஃபைபர். முதல் இரண்டிலும் முழு உடை கட்டிப் போட்டு நடந்திருக்கிறேன். மற்ற இரண்டிலும் தலைக்கவசம் மட்டும் செய்திருக்கிறேன். முதல் கவசம் கட்டுகிறவருக்கு நான் சொல்வது ஃபோம். ஆனால் கேட்க வருகிற எல்லாருடைய மனசிலும் இருப்பது ஏபிஎஸ் கிட்தான். அதனால் அதை முதலில் விரிவாகப் பார்த்துவிடலாம்.

ஏபிஎஸ் தகட்டைச் சூடாக்கி இளக வைத்து, அச்சின்மேல் போர்த்தி, கீழிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் வெள்ளைப் படைவீரர் கவசமும் இந்த முறையில் செய்ததே. அந்தப் பளபளப்பும், விரல் மடக்கித் தட்டினால் வரும் 'டொக்' சத்தமும் வேண்டுமென்றால் இதே பொருளில்தான் கிடைக்கும். ஏற்கெனவே வெள்ளை நிறத் தகடு என்பதால் பெயிண்டும் வேண்டாம். கீறல் விழுந்தாலும் உள்ளேயும் வெள்ளைதான்.

ஆனால் பெட்டியைப் பிரித்தால் கவசம் இருக்காது. நெஞ்சு, முதுகு, வயிறு, தோள், கை, தொடை, கணைக்கால் என்று தனித்தனித் துண்டுகள் இருக்கும். கையும் காலும் முன்பாதி, பின்பாதியாகப் பிளந்து வரும். ஓரமெல்லாம் வேண்டாத விளிம்பு. ஓட்டை, வார், பட்டன் எதுவும் கிடையாது. கிட் என்றால் கட்டில் மாதிரி திருகாணி போட்டு மாட்டுகிற சாமான் என்று நினைத்து வாங்கியவர்கள் இந்த இடத்தில் சோர்ந்துபோகிறார்கள். பணம் கொடுத்து வாங்குவது பாதி வேலையைத்தான். மீதிப் பாதி, அந்தத் துண்டுகளை உங்கள் உடம்புக்கு வெட்டுவது.

இந்த மீதிப் பாதியில்தான் நம்ம ஆட்களுக்குச் சிரமம். இந்தக் கிட்டுகள் பெரும்பாலும் ஆறடியை ஒட்டிய ஆளை மனதில் வைத்துச் செய்தவை. நான் ஐந்தடி ஐந்து அங்குலம். முதல் தடவை தொடைத் துண்டை மாட்டிக்கொண்டு வீட்டுப் படியில் கால் வைத்தேன், முழங்கால் மடங்கவே இல்லை. தொடையின் கீழ் விளிம்பிலும் கணைக்கால் துண்டின் மேல் விளிம்பிலும், முழங்காலுக்குப் பின்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒரே வெட்டில் அளவைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். அரை சென்டிமீட்டர் வெட்டு, மாட்டு, முழங்காலை மடக்கிப் பார், மறுபடி வெட்டு. எனக்கு இரண்டு கால்களுக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

வெட்டுவது சுலபம். பிளேடால் கோட்டின்மேல் ஐந்தாறு தடவை கீறிவிட்டு மடக்கினால் பட்டென்று நேராக உடையும். வளைவுக்கு வளைந்த கத்தரிக்கோல். பிறகு உப்புத்தாள். இரண்டு பாதிகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டக் கூடாது. முட்டுக்கு முட்டு வைத்து, மேலே 15 முதல் 25 மில்லிமீட்டர் அகலத்தில் அதே பிளாஸ்டிக் பட்டையை ஒட்ட வேண்டும், உள்ளேயும் ஒரு பட்டை. காந்தத் துண்டுகளை இரண்டு பக்கமும் வைத்தால் பசை காயும்வரை அசையாது.

பசையில் அவசரப்படாதீர்கள். முழுசாகப் பிடிக்க ஒரு நாளுக்கு மேல் எடுக்கும் ரப்பர் மாதிரிப் பசைதான் முதல் கவசத்துக்கு நல்லது. தப்பாக ஒட்டினால் உரித்து எடுக்கலாம். ஏபிஎஸ் வெட்டுத்துண்டுகளை அசிட்டோனில் ஊறப் போட்டால் கரைந்து களியாகிவிடும். அந்தக் களி ஒட்டினால் ஒட்டியதுதான், இரண்டு துண்டும் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடும். அதை விரிசல் அடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் இடது தொடையை அந்தக் களிதான் காப்பாற்றியது. விளிம்பைக் கொஞ்சம் உள்ளே வளைக்கலாம் என்று சூடான காற்று அடிக்கும் ஹீட் கன்னைக் காட்டினேன். ஏபிஎஸ் 105 டிகிரியை ஒட்டி இளகும். அந்தச் சூட்டைக் கையில் பிடித்த கன்னால் நிதானிக்க முடியாது. இரண்டே நொடியில் விளிம்பு அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. வெந்நீரில் முக்கி வளைத்திருக்க வேண்டும். வேறு துண்டு வரவழைப்பதென்றால் மறுபடி கப்பல் கூலி, மறுபடி சுங்க வரி. நெளிந்த இடத்தை வெட்டி எடுத்து, உள்ளே பட்டை வைத்து, களி பூசி, தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சரி செய்தேன். இன்றும் வெளிச்சத்தில் பார்த்தால் எனக்குத் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் கிட்? ஒரு நல்ல காரணம் இருக்கிறது. 501ஆவது லீஜன் என்று ஒரு தன்னார்வக் குழு 1997இல் அமெரிக்காவில் தொடங்கியது. மருத்துவமனைப் பிள்ளைகளைப் பார்க்கவும் தர்ம காரியத்துக்கு நிதி திரட்டவும் இந்த உடையில் போகிறவர்கள். அவர்கள் யாருக்கும் உடை தருவதில்லை. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், உடை உங்களுடையதாக இருக்க வேண்டும், படத்தில் உள்ளபடி ஒவ்வொரு விவரமும் சரியாக இருக்க வேண்டும். அப்படி ஒரு குறிக்கோள் உங்களுக்கு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏபிஎஸ் கிட்டுக்குப் பணம் சேருங்கள். அந்த உழைப்புக்கு அது தகும்.

இப்போது ஃபோம். ஈவிஏ ஃபோம் என்பது நாம் தினமும் காலில் போட்டு நடக்கிற பொருள்தான். செருப்புக்கான மூலப்பொருள் விற்கிற கடையில் ஷீட்டாகக் கிடைக்கும். பிள்ளைகள் விளையாடும் புதிர்ப்பாய் கூட அதே வகை, கொஞ்சம் மெது. 10 மில்லிமீட்டர் நெஞ்சுக்கும் முதுகுக்கும், 5 மில்லிமீட்டர் கைக்கும் காலுக்கும், 2 மில்லிமீட்டர் மேலே வரும் சின்ன அலங்காரத்துக்கும்.

ஏபிஎஸ் துண்டு யாரோ ஒருவருடைய அச்சில் பிறந்தது. ஃபோம் உங்கள் உடம்பிலேயே பிறக்கும். பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேலே சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் காகித டேப்பை ஒட்டச் சொல்லுங்கள். கவசத்தின் கோடுகளை மார்க்கரால் உடம்பின்மேலேயே வரைய வேண்டும். பிறகு முதுகுப்பக்கம் கத்தரித்துக் கழற்றினால் அதுதான் உங்கள் அளவு. எனக்கு என் அக்கா வரைந்து கொடுத்தாள். பிளவுஸ் தைக்கிறவள், அக்குளுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது. அந்த உடையில் நான் படி ஏறினேன், பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன், குடிலுக்கு முன்னால் சம்மணம் போட்டும் உட்கார்ந்தேன். ஏபிஎஸ்ஸில் ஒரு தடவை கூட உட்கார்ந்ததில்லை.

கனத்தையும் பாருங்கள். ஏபிஎஸ் ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தி. நல்ல ஃபோம் அதில் பத்தில் ஒரு பங்கு. தடிமனாக வெட்டினாலும் என் ஃபோம் உடை முழுதும் மூன்று கிலோவைத் தாண்டவில்லை.

ஃபோமில் நம்ம ஊருக்கென்று ஒரே ஒரு எச்சரிக்கை. ரெக்சினுக்கும் செருப்புக்கும் பயன்படும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் பூசி, பத்து நிமிடம் விட்டு, தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில் சேர்க்க வேண்டும். தொட்டபின் நகர்த்த முடியாது. இது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கிறிஸ்மஸுக்காக ஐப்பசி, கார்த்திகையில் உட்கார்ந்து ஒட்டுகிறோம். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூசிய இடம் குளிரும். ஈரக்காற்றில் அந்தக் குளிர்ந்த பசைமேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். ஒட்டியது மாதிரி இருக்கும், மறுநாள் வாயைப் பிளக்கும். என் முதல் நெஞ்சுக்கவசம் அப்படித்தான் நடுவில் பிரிந்தது. பசை மட்டம் என்று நினைத்து டப்பாவை மாற்றினேன், அதுவும் பிரிந்தது. மழை விட்ட நாளில் மதியம் ஒட்டுங்கள். முடியாவிட்டால் சேர்ப்பதற்குமுன் ஹீட் கன்னைத் தூரமாகப் பிடித்து இரண்டு பக்கத்தையும் லேசாகச் சூடாக்குங்கள். திண்ணையில் காற்றோட்டமாக இருந்து செய்யுங்கள், அந்தப் பசையின் நெடி தலைக்கு ஏறும்.

வெட்டி முடித்ததும் ஃபோம் முழுவதும் ஹீட் கன்னை ஓட்டினால் மேல்தோல் இறுகி லேசாக மின்னும். அதன்மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகால் நாலைந்து கை, பிறகு அக்ரிலிக் பெயிண்ட். முழங்கை மடிப்பில் மட்டும் கனமாகப் பூசாதீர்கள், வெடிக்கும். ஃபோமின் குறை என்னவென்றால் அடிபட்ட, துருப்பிடித்த, போருக்குப் போய்வந்த கவசமாக அது பிரமாதமாக வரும், கண்ணாடி மாதிரி வழவழப்பான வெள்ளைக் கவசமாக வராது. நகம் பட்டாலும் குழி விழும்.

பிரிண்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழு உடையை அதில் அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைக்கவசத்துக்கு அருமையான வழி. சாதாரண வீட்டு பிரிண்டரின் மேடை 220க்கு 220 மில்லிமீட்டர், உயரம் 250. பெரியவர் தலைக்கு அதில் துண்டு துண்டாகத்தான் அடிக்க முடியும். 0.2 மில்லிமீட்டர் அடுக்கடுக்காக வரும் வரியை மறைக்க கார் டிங்கரிங் பட்டறையில் பூசுகிற பட்டியைத்தான் நானும் பூசினேன், ஒரு வாரம் தேய்த்தேன். நம்ம ஈரக்காற்றில் பிளாஸ்டிக் இழை தண்ணீர் குடித்துவிடும், மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். காற்றுமழைக் காலத்தில் கரண்ட் போகும். விட்ட இடத்தில் தொடரும் வசதி இல்லாத பிரிண்டரென்றால் இருபது மணி நேர வேலை பாழ். இன்னொன்று, அதிகம் பேர் பயன்படுத்தும் பிஎல்ஏ இழை 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். தெரிந்த தம்பி ஒருவன் கன்னியாகுமரியில் காரை வெயிலில் நிறுத்தி, பின்சீட்டில் நெஞ்சுக்கவசத்தை வைத்துவிட்டுப் போனான். திரும்பி வரும்போது அது சீட்டின் வளைவுக்கு வளைந்து கிடந்தது.

ஃபைபருக்கு வருவோம். குளச்சல், முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்கிற பட்டறையைப் பார்த்த யாருக்கும் இந்த யோசனை வரும், எனக்கும் வந்தது. அச்சில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்ற மேற்பூச்சு அடித்து, கண்ணாடியிழைப் பாயை விரித்து ரெசின் என்ற பிசினைப் பூசுகிறார்கள். அந்த ஜெல்கோட்டின் வெள்ளைப் பளபளப்பு ஏபிஎஸ்ஸையே மிஞ்சும். பட்டறை அண்ணன் ஒருவர் என் களிமண் மாதிரியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, வள்ளத்துக்குக் கனம் வேணும், அலைய அடிச்சுட்டுப் போகும். உனக்குக் கனம் எதுக்கு? தலைக்கு மட்டும் செய்." அவர் சொன்னதைத்தான் நானும் எல்லாருக்கும் சொல்கிறேன். ஏபிஎஸ்ஸைவிட ஒன்றரை மடங்கு கனமான பொருள், வெட்டினால் தூசு தோலில் ஏறி நமைச்சல் எடுக்கும். நாலைந்து நண்பர்கள் ஒரே தலைக்கவசம் செய்வதென்றால் ஒரு அச்சு போட்டுப் பட்டறையில் எடுப்பது லாபம். வீட்டில் முயல்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றினால் தீயும் வெடிப்பும் நிச்சயம். கோபால்ட்டை ரெசினில் முழுசாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்டை விட வேண்டும்.

எதில் செய்தாலும் வார் வேலையைக் கடைசியில் தள்ளிப்போடாதீர்கள். கவசம் தொங்குவது வாரில்தான். தோள்கனத்தை இடுப்பு பெல்ட்டுக்கு இறக்கும்படி நைலான் நாடாவும் டிச் பட்டனும் வைக்க வேண்டும். எனக்கு இதைச் சரியாகச் செய்து கொடுத்தவர் ஸ்கூல் பை தைக்கிற அண்ணன். கனம் எங்கே இழுக்கிறது என்று பையைப் பார்த்தே பழகியவர். புறங்கையில் வரும் மெல்லிய தகட்டுக்குக் குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் உதவியது. மரத்திலிருந்து எடுத்த பால் வேண்டாம், வெயிலில் பிசுபிசுக்கும். வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய பாலை வாங்கி, பிளாஸ்டர் அச்சில் ஏழெட்டு பூச்சு கொடுத்தால் விரல் மடக்கும்போது கூடவே மடங்கும்.

தலைக்கவசத்துக்குள் பவர் பேங்க்கில் ஓடும் சின்ன விசிறி இரண்டு அவசியம். டிசம்பர் இரவில்கூட நமக்கு வியர்க்கும், மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கழற்றித் தண்ணீர் குடியுங்கள், கூடவே கைபிடித்து நடக்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கீழே பார்க்க முடியாது, வாய்க்கால் ஓரம் நடக்கிற ஊர் நம்முடையது. மேலங்கி வைத்த கதாபாத்திரமென்றால் ஆரல்வாய்மொழிப் பக்கம் போடாதீர்கள், காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்களையும் சுற்றிவிடும்.

குழித்துறையிலிருந்து காலேஜ் படிக்கிற தம்பி ஒருவன் இந்த வருடம் கேட்டான். கையில் கிட்டுக்குப் போதுமான காசு இருந்தது. வாங்காதே என்று நான் சொல்லவில்லை, முதலில் ஒரு கையை மட்டும் ஃபோமில் செய்து போட்டுப் பார் என்றேன். தோளிலிருந்து மணிக்கட்டுவரை செய்து, அதோடு ஒரு நாள் முழுக்க வீட்டில் நடந்திருக்கிறான். மறுநாள் போன் பண்ணி மீதிக்கும் ஷீட் வாங்கிவிட்டதாகச் சொன்னான். அளவுத்தாளெல்லாம் வெட்டி வைத்திருக்கிறான். மழை ஒரு நாள் முழுசாக விடட்டும், பசையோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.