உயிர்வேலிக்கு நொச்சியா, ஆடாதொடையா?

செடிகளையே நட்டு வளர்க்கும் உயிர்வேலியை அமைக்க எண்ணும் உழவர் முதலில் கேட்பது, ஆடு கடிக்காத செடி எது என்பதையே. அந்த வகையில் நொச்சியும் ஆடாதொடையும் சமம். இரண்டும் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டாலே வேர்பிடிக்கும், இரண்டின் இலையும் மூலிகைப் பூச்சிவிரட்டிக் கரைசலில் சேரும். ஆயினும் வெயில் காயும் எல்லையோரத்துக்கு நான் நொச்சியையே பரிந்துரைப்பேன்.

துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த நொச்சி, வறட்சியைத் தாங்கிப் பத்தடிக்கு மேல் வளர்ந்து, வெட்ட வெட்டத் துளிர்க்கக் கூடியது. அதன் நீலப்பூங்கொத்துகளைத் தேடித் தேனீக்கள் வருவதால், பூச்சிகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கும் பயிர்களுக்கும் நன்மை உண்டு. நீண்டு வளையும் மிலாறுகள் (மெல்லிய கிளைகள்) கூடை முடைய உதவும். உலர்ந்த இலையைப் பயறு வகைகளோடு சேர்த்துவைத்தால் வண்டு அண்டாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம். சளி பிடித்தால் வேது பிடிப்பதற்கும் இந்த இலையைத்தான் பறிக்கிறோம். பண்டைத் தமிழ் மறவர் மதில் காக்கும் போரில் நொச்சிப் பூவையே சூடினர் என்பதால், காவலுக்கும் இச்செடிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆண்டுதோறும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாவிட்டால் அடிப்பகுதி வெறுமையாகி ஆடு நுழைய வழி விடும் என்பதே இதன் பெருங்குறை. நெருக்கி நட்டு, முதல் ஆண்டிலேயே நுனியைக் கிள்ளிவிட வேண்டும்.

ஆடாதொடை அவ்வளவு உயராது. பெரும்பாலும் ஆளுயரத்தோடு நின்று, அடியிலிருந்தே அடர்ந்து பசுமையாக இருக்கும். மரநிழலிலும் அது தழைக்கும் என்பதால், தென்னை, மா நிழல் விழும் வரப்புகளில் நொச்சியைவிட அதுவே ஏற்றது. அதன் அகன்ற இலைகள் நல்ல தழையுரமாகும். இருமலுக்கு அதன் பயன் நாடறிந்தது. இருமல் மருந்தான புரோம்ஹெக்சின், இவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருளை அடியொற்றி உருவானதே. ஆனால் கருவுற்ற பெண்கள் இதன் கசாயத்தை அருந்தலாகாது.

மாடுகள் மோதிப் புகும் நிலமாக இருந்தால் முள்ளில்லாத இவ்விரண்டையும் மட்டும் நம்ப வேண்டாம். அங்கே கொங்குநாட்டுக் கொறங்காடுகளில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில்) காண்பதுபோல் முள்ளுக்கிளுவையை வெளிவரிசையாக வைத்து, நொச்சியை உள்வரிசையில் நடுவதே தக்கது.