அல்லேலூயா: கோஹனா, பக்லியா?

கனடாவின் கவிஞர்-பாடகர் லெனார்ட் கோஹன் எழுதிய ‘அல்லேலூயா’ பாட்டைப் பாடாத ஆள் பாக்கியில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு இரண்டு பதிவுகள் போதும்: கோஹனே பாடிய 1984 பதிவு, அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியின் 1994 பதிவு.

குரல்
கோஹன்: அடித்தொண்டையில், பேசுவதுபோல்.
பக்லி: மேல்ஸ்தாயிக்கு ஏறி, கடைசி ஸ்வரத்தை மூச்சு முட்டும்வரை இழுக்கிறார்.

வாத்தியம்
கோஹன்: டிரம்ஸ், சின்தசைசர், பின்னால் கோரஸ்.
பக்லி: ஒற்றை எலக்ட்ரிக் கிட்டார்.

வரிகள்
இங்கேதான் விஷயமே. கோஹன் எழுதிக் குவித்த சரணங்கள் ஏராளம். இந்தப் பாட்டைத் தானும் 1991இல் பதிவுசெய்த இசைக்கலைஞர் ஜான் கேல் வரிகளைக் கேட்டபோது, கோஹன் பக்கம் பக்கமாக ஃபேக்ஸ் அனுப்பினார். அதிலிருந்து கேல் பொறுக்கிக் கட்டிய வரிசையைத்தான் பக்லி எடுத்துக்கொண்டார். அதனால் கோஹன் பாடிய கடைசி இரண்டு சரணங்கள் பக்லியிடம் கிடையாது. கோஹன் எல்லாம் பிசகிப்போன பிறகும் இறைவன் முன் நின்று துதிக்கிறார். பக்லியிடம் இறைவன் ஒதுங்கிவிடுகிறார். மிஞ்சுவது காதலின் ரணம். (‘ஷ்ரெக்’ படத்தில் ஒலிப்பது கேலின் குரல். பக்லிதான் என்று சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுங்கள்.)

கற்க
பக்லி: கிட்டாரின் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), கார்டுகள் (ஸ்வரக் கூட்டுகள்) எளிது, விரல்மீட்டல்தான் சோதிக்கும்.
கோஹன்: குரல்வளம் குறைந்தவருக்கும் கைகொடுக்கும்.

கூட்டாகப் பாட கோஹன், இரவில் ஹெட்போனில் பக்லி. எனக்குக் கோஹன்தான், அந்தச் சின்தசைசர் கொஞ்சம் மலிவாக ஒலித்தாலும். கல்யாண வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.