வால்வு ஆம்பில் பயாஸ்: எந்த வழியில் அளப்பது?

கிட்டார் ஆம்பில் பவர் வால்வு மாற்றினால் பயாஸ், அதாவது வாசிக்காமல் சும்மா இருக்கும்போது வால்வில் ஓடும் கரன்டின் அளவு, பார்த்தாக வேண்டும். இதில் யாருக்கும் சண்டை இல்லை. எப்படி அளப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பிடிவாதம். புழக்கத்தில் இருக்கும் வழிகளில் என் ஓட்டு, கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான்களை வெளிவிடும் முனை) ஒரு ஓம் ரெசிஸ்டர் வைக்கும் முறைக்கு.

முதலில் உங்கள் ஆம்ப் எந்த வகை என்று பாருங்கள். வாக்ஸ் ஏசி30 போன்ற கேத்தோடு பயாஸ் ஆம்பில் திருகுவதற்கு எதுவும் இல்லை, கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே கரன்டைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். மீசா பூகி ஆம்ப்கள் பலவற்றில் கிரிட்டுக்கு (கரன்டைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் நெகட்டிவ் வோல்டேஜ் தொழிற்சாலையிலேயே முடிவு செய்யப்பட்டது. அதற்கு ஏற்ற வால்வைத்தான் தேட வேண்டும். இங்கே பேசுவது, அந்த வோல்டேஜைத் திருகி மாற்றும் சின்னக் குமிழான ட்ரிம் பாட் உள்ள ஆம்ப்களைப் பற்றி.

எந்த வழியில் அளந்தாலும் கணக்கு ஒன்றுதான். சும்மா இருக்கும்போது வால்வு எத்தனை வாட் வெப்பத்தைத் தாங்குகிறது என்பது ப்ளேட் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் முனை) வோல்டேஜையும் ப்ளேட் கரன்டையும் பெருக்கினால் கிடைக்கும். இஎல்34 வகை வால்வுக்கு உச்சம் 25 வாட், 6எல்6ஜிசி வகைக்கு 30 வாட். கிளாஸ் ஏபி ஆம்பில் (அலையின் இரண்டு பாதிகளை வால்வுகள் பங்கிட்டுக்கொள்ளும் வகை) அதில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது வழக்கம். 450 வோல்ட்டில் ஓடும் இஎல்34 என்றால் 17.5 வாட்டை 450-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 39 மில்லிஆம்பியர். இந்த 39-ஐ எங்கே, எப்படிப் படிப்பது என்பதுதான் கேள்வி.

பழைய ரிப்பேர்காரர்கள் பலருக்குப் பிடித்தது ஷன்ட் முறை. மீட்டரைக் கரன்ட் நிலையில் வைத்து, அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் நடு முனையிலிருந்து ப்ளேட் வரை குறுக்கே போடுவார்கள். மீட்டரின் தடை மிகக் குறைவு என்பதால் கரன்ட் முழுக்க அதன் வழியே போகும். ப்ளேட் கரன்ட் மட்டும் நேரடியாகக் கிடைக்கிறது, சரி. ஆனால் கையில் பிடித்திருக்கும் முனைகள் இரண்டிலும் 450 வோல்ட் நிற்கிறது. முனை வழுக்கிச் சேசிஸில் (ஆம்பின் உலோகச் சட்டம்) பட்டால் பவர் சப்ளையே ஷார்ட் ஆகும். இன்றைக்கு இதைச் செய்ய ஒரு காரணமும் இல்லை என்றே நினைக்கிறேன்.

இதன் சாதுவான தம்பி, தடையை அளந்து வகுக்கும் முறை. ஆம்ப் அணைந்திருக்கும்போது ட்ரான்ஸ்பார்மரின் பாதிச் சுற்று எத்தனை ஓம் என்று பார்த்துக்கொண்டு, ஓடும்போது அதன் குறுக்கே விழும் வோல்டேஜை அளக்க வேண்டும். 50 ஓம், 2 வோல்ட் என்றால் 40 மில்லிஆம்பியர். இரண்டு பாதிகளின் தடையும் ஒன்றாக இருக்காது, தனித்தனியாக அளக்க வேண்டும். செம்பு சூடானால் 10 டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் தடை ஏறும் என்பதால் சூடாக இருக்கும்போது அளந்த ஓம்தான் நம்பத்தக்கது. ஒரு பக்கத்தில் இரண்டு வால்வு இருந்தால் கூட்டுத்தொகைதான் தெரியும், எது அதிகம் குடிக்கிறது என்று தெரியாது. இதிலும் கை உயர் வோல்டேஜுக்குப் பக்கத்தில்தான்.

ஒரு ஓம் ரெசிஸ்டரில் அந்தப் பயம் இல்லை. ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், ஒரு சதவீதத் துல்லியம் உள்ள ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் போதும். ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மில்லிஆம்பியர், வகுக்கவே வேண்டாம். வால்வு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிவதால் ஜோடி பொருந்துகிறதா என்பதும் உடனே தெரிந்துவிடும். குறை என்று சொன்னால், வால்வின் இன்னொரு முனையான ஸ்கிரீன் கிரிட்டின் சில மில்லிஆம்பியரும் சேர்ந்தே வரும். அதாவது மீட்டர் 39 காட்டும்போது ப்ளேட்டில் உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடுகிறது. பிழை பாதுகாப்பான பக்கமே சாய்வதால் எனக்கு அதில் மனக்குறை இல்லை. ப்ளேட் வோல்டேஜை மட்டும் தனியாக அளக்க வேண்டும், அதற்குக் கவனம் தேவை.

பற்றவைக்கத் தயக்கம் என்றால் பயாஸ் ப்ரோப் வாங்கலாம். வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகுவது, அளப்பது அதே கேத்தோடு கரன்ட். பல ஆம்ப்களை மாறி மாறிப் பார்ப்பவருக்கு இதுவே வசதி. ட்ரிம் பாட் உள்ளே இருந்தால் சேசிஸைத் திறப்பது தப்பாது.

சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில், ஒரு வால்விலிருந்து மற்றதுக்கு வேலை மாறும்போது அலை நடுவில் விழும் பள்ளம் மறையும் வரை திருகுவது இன்னொரு வழி. நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிப் பிழையைக் குறைப்பது) உள்ள ஆம்பில் அந்தப் பள்ளம் ஓரளவு மறைந்தே இருக்கும். வால்வு எத்தனை வாட்டில் நிற்கிறது என்பதையும் ஸ்கோப் சொல்லாது. சரிபார்க்க நல்லது, பயாஸ் வைக்க இல்லை.

எந்த முறையானாலும் ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், ரெசிஸ்டர் வழியாக வடித்து மீட்டரில் உறுதி செய்துவிட்டே கை வையுங்கள். கரன்டை ஏற்றினால் ப்ளேட் வோல்டேஜ் இறங்கும். ஆகவே ஒவ்வொரு திருகலுக்கும் இரண்டையும் மறுபடி பாருங்கள், ஆம்ப் நன்றாகச் சூடான பிறகு இன்னொரு தடவை.

அப்புறம், 70 என்பது உச்சவரம்பு, எட்டியே தீர வேண்டிய இலக்கு இல்லை. மிகவும் குறைத்தால் சத்தம் மெலிந்து கரகரக்கும், ஏற்றினால் தடித்துக் குழையும். 55 சதவீதத்தில் தொடங்கி, வாசித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் குறைந்த அளவிலேயே விட்டுவிடுங்கள், வால்வு கூடுதல் நாள் உழைக்கும்.